நாற்பத்தெட்டுக் கட்டத்தில் ரஞ்சிதம்

எனக்கு மூளை குறைவு என்பதை ஆனந்தமேரி கல்யாணமான மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு அது புரியப் பதினாறு வருஷம் பிடித்தது. எப்படிப் புரிந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். கேட்டுவிட்டு நீங்களும் அவள் பக்கம் சேர்ந்துகொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

என் பெயர் தனிஸ்லாஸ். புதுச்சேரியில் மிஷன் வீதியை ஒட்டிய ஒரு சந்தில், முன்னறையைக் கடையாகவும் பின்னறையை வீடாகவும் வைத்துக்கொண்டு, செத்துப்போனவர்களைப் பெரிசு பண்ணிக்கொண்டிருந்தேன். பயப்படாதீர்கள். சின்ன போட்டோவைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நான் கரித்தூளும் தூரிகையுமாக உட்கார்ந்து, சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரிய படமாக வரைந்து கொடுப்பேன். உயிரோடு இருந்தவரைக்கும் சட்டையே போடாத மனிதருக்குக்கூட என் படத்தில் கோட்டும் டையும் உண்டு. எல்லோருக்கும் ஒரே கோட்டுதான். முன்னூறு பேரையாவது அந்தக் கோட்டில் மேலே அனுப்பியிருப்பேன்.

வேலை எப்படி நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வம்பு முழுக்க அங்கேதான் இருக்கிறது. முதலில் போட்டோவின் மேல் மெல்லிசாகப் பென்சிலால் கட்டம் போடவேண்டும். தாளில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம். பிறகு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து அப்படியே வரையவேண்டும். முகம் என்று பார்க்கவே கூடாது. இந்தக் கட்டத்துக்குள் என்ன கோடு, என்ன நிழல், அவ்வளவுதான். மூக்கு வரைகிறோம் என்று நினைத்தால் நமக்குப் பழக்கமான மூக்கு எதையாவது வரைந்துவிடுவோம். எல்லாம் முடிந்ததும் ரொட்டித் துண்டால் கட்டங்களை அழித்தால், ஆள் உள்ளே உட்கார்ந்திருப்பார். வீட்டுக்காரர்கள் வந்து பார்த்து, "ஜாடை வந்துடுச்சு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டால் நானும் தூரிகையைத் துடைத்து வைத்துவிடுவேன்.

ஐம்பத்தேழாம் வருஷம் தபசு காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாளில், ஒரு வெள்ளிக்கிழமை முத்தம்மாள் வந்தாள். அவள் வீராம்பட்டினத்து மீன்காரி. வெள்ளிக்கிழமைகளில் கிறிஸ்தவ வீடுகளில் இறைச்சி எடுக்க மாட்டோம் என்பதால் எங்கள் தெருவுக்கு அன்றைக்குத் தவறாமல் கூடையோடு வந்துவிடுவாள். அவளும் ஆனந்தமேரியும் பத்து வருஷமாக வாராவாரம் சண்டை போடுகிறவர்கள். ஒரு வாரம் சண்டை இல்லையென்றால் ஆனந்தமேரிக்கு அன்றைக்குக் குழம்பு ருசிக்காது. அன்று முத்தம்மாள் சண்டைக்கு நிற்கவில்லை. கூடையை இறக்கிவைத்துவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தாள். இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து நாலாக மடித்த எண்ணெய்த்தாளை எடுத்துப் பிரித்தாள்.

"தம்பி, இதுல எம்பொண்ணு கீறா."

உள்ளே ஒரு போட்டோ. இரண்டு உள்ளங்கை அகலம் இருக்கும். மாரியம்மன் கோயில் தேரன்று ஐந்து பெண்கள் வட்டம் கட்டிக் கும்மி அடிக்கிறார்கள். இடமிருந்து இரண்டாவதாக ரஞ்சிதம். அப்போது அவளுக்குப் பதினேழு வயசாம். அடுத்த இரண்டு வருஷத்தில் காய்ச்சலில் போய்விட்டாள்.

முத்தம்மாளின் மகன் சுப்பராயனுக்கு வைகாசியில் கல்யாணம். கன்னியாகச் செத்த பெண் அவர்கள் வீட்டில் பூவாடைக்காரியாகிவிடுவாள். வீட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் முதலில் அவளுக்குப் புடவை சாத்தி, பூ வைத்து, படையல் போட்டுக் கும்பிட்ட பிறகுதான் பந்தக்கால் நடுவார்கள்.

"கலசம் வெச்சு புடவ சாத்துனா போதும்ங்கறாங்க ஊர்ல. எனக்குப் போதாது தம்பி" என்றாள் முத்தம்மாள். "அவ மொகத்தப் பாத்து நான் சோறு போடணும். ஒண்ணு சொல்றேன், யாராண்டயும் சொல்லாத. எனக்கு அவ மொகம் கலைஞ்சிக்கினே போவுது. கண்ண மூடுனா கூந்தல் வருது, நடை வருது, மொகம் வரமாட்டேங்குது. பெத்தவளுக்கு இப்பிடி ஆவுமா?"

"வேற போட்டோ ஏதாவது இருக்காக்கா?"

"ஏது? தேரு பாக்க வந்த வெள்ளக்காரரு எடுத்தாரு. ஒண்ணே ஒண்ணு குடுத்து அனுப்பிச்சாரு. பிலிமத் தூக்கிக்கினு கப்பலேறிட்டாரு."

"ரெண்டு வாரத்துல முடிச்சிடறேன், கவலப்படாதீங்க" என்றேன். அன்றைக்கே போட்டோவில் கட்டமும் போட்டுவிட்டேன். குறுக்கே எட்டு, நெடுக்கே ஆறு, நாற்பத்தெட்டுக் கட்டம். ரஞ்சிதத்தின் முகம் நாலு கட்டத்துக்குள் வந்தது. அத்தோடு நான் வேலையை ஆரம்பித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்த வாரம்தான் சைத்தான் ஒரு கட்டுப் பழைய பத்திரிகையாக என் வீட்டுக்கு வந்தான். ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போன பிரெஞ்சுக் குடும்பங்கள் பழைய பத்திரிகைகளை எடைக்குப் போட்டுவிட்டுப் போவார்கள். தூரிகை துடைக்கத் தோதான தாள் என்று நான் வாங்கி வைப்பேன். ஒன்றைப் பிரித்துக் கிழிக்கப் போனால், முழுப்பக்கத்துக்கு வர்ணப் படம். பெண்கள் ஆடுகிறார்கள். ஒருத்தியின் மூக்கு காதண்டை இருக்கிறது. இன்னொருத்திக்கு முழங்கை மூன்று. கால் ஒரு பக்கம் பார்க்கிறது, முகம் இரண்டு பக்கம் பார்க்கிறது. எல்லாம் கட்டம் கட்டமாக, கோணல் கோணலாக வெட்டிவிட்டிருந்தது.

பார்த்ததும் சிரித்தேன். ஏனென்றால் இது எனக்குத் தெரிந்த தப்பு. கட்டத்துக்கு நம்பர் மாற்றிப் போட்டால் இப்படித்தான் வரும். ஒருமுறை தவளக்குப்பத்து மளிகைக்காரர் ஒருவருக்கு மூன்றாம் வரிசையையும் நாலாம் வரிசையையும் மாற்றி வரைந்து, மீசை கண்ணுக்கு மேலே போய்விட்டது. அவருடைய மகன்கள் என்னை அடிக்காமல் விட்டது கர்த்தர் புண்ணியம். 'பாவம், பாரிசிலும் நம்மைப்போல ஒருத்தன்' என்று நினைத்துக்கொண்டு கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். பிரெவே என்கிற பிரெஞ்சுப் பள்ளிக்கூடப் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றவனுடைய பிரெஞ்சு எவ்வளவு தேறும்? மியூசியம், மேதை, கியூபிஸ்ம், புதுயுகம் என்கிற நாலு வார்த்தை புரிந்தது. நாலும் என் மண்டைக்கு ஏறிவிட்டது.

அடப் பாவி தனிஸ்லாசு! நீ அடி வாங்கப் பார்த்த தப்பைச் செய்துவிட்டு அங்கே ஒருவன் மேதையாகிவிட்டானே! இருபது வருஷமாகக் கட்டம் போடுகிறாயே, உன்னைவிடவா அவனுக்குக் கட்டம் தெரியும்? நீ பிறவிக் கியூபிஸ்ட் அல்லவா? இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு யாரும் சொல்வதாக இல்லை.

ஆடுகிற பெண்கள் வேண்டும் என்று மேஜையைப் பார்த்தேன். மேஜைமேல் ஐந்து பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

கத்தரியை எடுத்தேன். போட்டோவைக் கோட்டோடு கோடாக வெட்டினேன். நாற்பத்தெட்டுத் துண்டு. 'முகம் எங்கே போய்விடப் போகிறது, துண்டு நாலும் நம்மிடம்தானே இருக்கும், பிற்பாடு சேர்த்து வரைந்துகொள்ளலாம்' என்று அப்போது தோன்றியது நிஜம். எல்லா மடையனுக்கும் ஒரு பிற்பாடு இருக்கிறது. ஆனந்தமேரி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாத்த வெட்டறீங்க?"

"கலை" என்றேன்.

"அது ஜாக்கெட்டு வெட்டற கத்தரி. மொக்கப் பண்ணிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அது வெறும் போட்டோத் தாள் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

துண்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து, ஒரு அட்டையில் மைதாப் பசை போட்டு, வந்த வரிசைக்கு ஒட்டினேன். ஏழெட்டுத் துண்டைத் தலைகீழாக ஒட்டினேன். அதுதான் நான் செய்த புரட்சி. பிறகு ஆள் உயரத்துக்குக் காடாத் துணியை இழுத்துக் கட்டி, கட்டத்துக்கு ஒரு சாண் வைத்து, எண்ணெய் வர்ணத்தில் ஆரம்பித்தேன். தபசு காலம் முழுக்க அதே வேலை. செத்தவர்கள் வரிசையில் காத்துக்கிடந்தார்கள்.

வெள்ளிக்கிழமை தோறும் முத்தம்மாள் வருவாள். கூடையை இறக்குவதற்கு முன்னாலேயே கேட்பாள்: "ஜாடை வந்துச்சா தம்பி?"

"வந்துக்கிட்டே இருக்குக்கா" என்பேன்.

வெள்ளிக்கிழமை மட்டும் காலையிலேயே அந்தப் படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிடுவேன். ஏன் திருப்பி வைக்கிறேன் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்கும்.

ஈஸ்டர் என்கிற பாஸ்குப் பண்டிகை முடிந்த மறுநாள் படத்தைக் கடை வாசலில் மாட்டினேன். மூலையில் பெரிய எழுத்தில் கையெழுத்தும் போட்டேன். முன்னூறு படத்தில் ஒன்றில்கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை. சந்தே கூடிவிட்டது. சைக்கிள் கடைக்காரன் பாவாடை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, குரலை இறக்கி, "எந்த ஊரு பஸ்ஸு கவுந்தது, மூலக்குளத்தாண்டயா?" என்று விசாரித்தான். மாதா கோயிலிலிருந்து வந்த சாமியார் மட்டும் தட்டிக்கொடுத்தார். "நரகம் நல்லா வந்திருக்கு தனிஸ்லாஸ். பாவிங்க மொகத்துல வேதனை தெரியுது" என்றார். நான் அசடு வழிந்தேன். மேதைகளை உலகம் உடனே புரிந்துகொள்ளாது என்று அன்று இரண்டு தடவை சோற்றுக்கு நடுவில் சொன்னேன். "புரிஞ்சிட்டா ஒதைப்பாங்க" என்றாள் ஆனந்தமேரி.

மூன்றாம் நாள் முசியே பெர்த்தியே அந்தப் பக்கம் சைக்கிளில் வந்தார். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்று, ஊருக்குப் போகச் சாமான் கட்டிக்கொண்டிருந்த கிழவர். படத்தைக் கண்டதும் காலை ஊன்றி நின்றார். கிட்டே வந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். பிறகு பிரெஞ்சில் சொன்னார்: "முசியே தனிஸ்லாஸ், இந்தப் படத்தை எனக்குக் கொடுங்கள். இந்த சைக்கிளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பாரிசுக்கே என் படம் போகிறது! துணியைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு, அன்று சாயங்காலம் கடற்கரைச் சாலையில் அந்த சைக்கிளில் நாலு சுற்றுச் சுற்றினேன். எதிரே ஆள் இல்லாதபோதும் மணி அடித்தேன். இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அடித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை முத்தம்மாள் வந்து, "வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி படையலு. அய்யரு பாத்துச் சொல்லிட்டாரு. இனிமே சாக்குச் சொல்லாத தம்பி" என்றாள். அவள் போனதும் சாவகாசமாக எழுந்து, அலமாரிக்குப் பின்னால் சொருகி வைத்திருந்த அட்டையை இழுத்தேன்.

எலி தின்றிருந்தது. மைதாப் பசையை எலி விடுமா? அட்டையின் நடுவே பெரிய ஓட்டை. சுற்றிலும் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன: கொஞ்சம் வானம், கொஞ்சம் மணல், யாருடைய கால் கட்டைவிரலோ ஒன்று. முகம் என்று ஒன்றுகூட இல்லை. அட்டையை வைத்துக்கொண்டு நான் திருதிருவென்று நிற்பதைப் பார்த்து ஆனந்தமேரி வந்தாள். ஒரு நிமிஷத்தில் எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"முத்தம்மாக்கா பொண்ண எலிக்குப் போட்டுட்டீங்களா?" என்றாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

அன்று மத்தியானம் ஒரு கேவலமான காரியம் செய்தேன். பதினேழு வயசுப் பெண் ஒருத்தியை மனசிலிருந்து வரைந்து ஒப்பேற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். தாய்க்கே முகம் கலைந்துபோகிறது என்றாளே, அவளுக்கு எப்படித் தெரியும் என்கிற துணிச்சல். அந்த நினைப்புக்காகவே என்னைப் பிடித்து மிதிக்கலாம். படம் முடிகிற தறுவாயில் ஆனந்தமேரி பார்த்தாள்.

"இது நானு. கல்யாணத்தப்ப இப்பிடித்தான் இருந்தேன்" என்றாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தாளை எடுத்துச் சுருட்டி அவள் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "போயி அந்தச் சைக்கிளு குடுத்த வெள்ளக்காரரு காலுல வுழுங்க" என்றாள்.

சைக்கிளை மிதித்தேன். மணி அடிக்கவில்லை.

பெர்த்தியே வீட்டில் எங்கே பார்த்தாலும் மரப்பெட்டிகள். அடுத்த வாரம் சனிக்கிழமை மதராசு போய்க் கப்பலேறுகிறாராம். நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். கத்தரி, மைதா, எலி எல்லாம். கிழவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பாதிப் பிரெஞ்சும் பாதித் தமிழுமாக நிதானமாகச் சொன்னார்:

"முசியே, நீங்கள் கியூபிஸ்ட் இல்லை. கியூபிஸ்ட் என்கிறவன் ஒரே ஆளைப் பல பக்கத்திலிருந்து பார்க்கிறவன். முன்னால், பின்னால், பக்கவாட்டில், எல்லாம் ஒரே நேரத்தில். சுற்றிச் சுற்றி வந்து பார்த்ததையெல்லாம் ஒரே துணியில் வைப்பான். நீங்கள் ஒரு பக்கத்திலிருந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு போட்டோவைத் துண்டு போட்டுக் குமாஸ்தா மாதிரி நகல் எடுத்திருக்கிறீர்கள்."

"அது தெரிஞ்சும் ஏன் வாங்கினீங்க?"

"சைக்கிளைக் கப்பலில் ஏற்ற முடியாது" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, "அப்புறம், மூன்றாம் வரிசையில் ஒரு கண் இருக்கிறது. அதைப் பார்த்தேன், விட்டுப் போக மனசு வரவில்லை" என்றார்.

எனக்கு அவமானத்தில் காது சுட்டது. ஆனால் வெளியே வந்து சைக்கிளைத் தொட்டபோதுதான் உறைத்தது. குமாஸ்தா மாதிரி நகல்! உண்மைதானே. கை பழகின பழக்கத்தில், வர்ணம் மட்டும் மனம்போனபடி அடித்தேனே தவிர, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கோட்டுக்குக் கோடு, நிழலுக்கு நிழல், ஒரு புள்ளி விடாமல் போட்டோவில் இருந்ததைத்தான் வரைந்திருக்கிறேன். நான் நிஜமான கியூபிஸ்டாக இருந்திருந்தால் ரஞ்சிதம் போயே போயிருப்பாள். போலி என்பதால் அவள் அந்தத் துணியில் முழுசாக இருக்கிறாள், இடம் மாறியிருக்கிறாள், அவ்வளவுதான். அப்படியே திரும்பி உள்ளே ஓடினேன்.

துணியைத் தரையில் விரித்துப் பார்த்தோம். ஐந்து நெற்றி. எட்டோ ஒன்பதோ கண். வாய் நாலு. மோவாய் மூன்று நேராக, இரண்டு தலைகீழாக. எது ரஞ்சிதத்துடையது? எனக்கு முழி பிதுங்கியது. நாற்பது நாள் வரைந்தவன் நான், எனக்குத் தெரியவில்லை. முகம் என்று பார்க்காதே என்பது என் தொழில் தர்மம் ஆயிற்றே! பார்க்கவே இல்லை. தெரிந்த ஆள் உலகத்தில் ஒருத்திதான் உண்டு. முகம் கலைந்துகொண்டே போகிறது என்று என்னிடம் மட்டும் சொன்னவள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் முத்தம்மாள் வந்து கூடையை இறக்கினாள். "ஜாடை வந்துச்சா தம்பி?"

"வந்து... அக்கா... அந்தப் போட்டோ வந்து..." என்று நான் இழுத்தேன்.

"வெட்டிட்டாருக்கா" என்றாள் ஆனந்தமேரி. "போட்டோவ வெட்டித் துண்டு துண்டா ஆக்கி எலிக்கு வுட்டுட்டாரு. வரைஞ்சு வெச்ச படம் ஒண்ணு இருக்கு. அதுல ஒம்பொண்ணு இருக்கா. ஆனா எங்க இருக்கான்னு இவருக்குத் தெரியலியாம்."

முத்தம்மாள் தலைச் சும்மாட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "நான் மீனு அறுக்கறவ. தலை எது, வாலு எதுன்னு பாத்துட்டுத்தான் அருவாமனைல வெப்பேன். நீ எம்பொண்ணப் பாக்காமயே அறுத்துட்டியேடா!" அதற்குமேல் அவளால் முடியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். என்னை அவள் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. அது எனக்குப் போதாது, இன்னும் நாலு சேர்த்துப் போட்டிருக்கலாம்.

அழுது முடித்ததும் எழுந்தாள். "எங்க கீது அந்தப் படம்? காட்டு" என்றாள். கூடையை ஆனந்தமேரியிடம் விட்டுவிட்டு என்னோடு நடந்தாள்.

பெர்த்தியே பெட்டிகளை ஒதுக்கித் துணியைக் கூடத்தில் விரித்தார். முத்தம்மாள் ஓரத்தில் நின்றாள். ரொம்ப நேரம் அப்படியே நின்றாள். அவளுக்கும் தெரியாவிட்டால்? இருந்த ஒரே நிழலையும் அழித்தவன் நான் ஆவேனே. அவள் துணியை மிதிக்காமல் அதைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். ஒரு பக்கம் நின்று பார்ப்பாள், குனிவாள், அடுத்த பக்கம் போவாள். இரண்டு சுற்று வந்தாள். மூன்றாவது சுற்றில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"தோ" என்றாள். மூன்றாம் வரிசைக் கண்.

பெர்த்தியே என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அதற்கப்புறம் அவளுக்குத் தடையே இல்லை. "தோ இந்தக் கண்ணு. இது நெத்தி, பொட்ட எப்பவும் கோணையா வெப்பா." நான் ஒரு வாயைக் காட்டி இதுவா என்றேன். "சீ, அது கூட ஆடுன சின்னப்பொண்ணு வாயி. அது எப்பத்தான் மூடியிருக்கு?" என்றாள் அழுகைக்கு நடுவில். கடைசியாக ஒரு தலைகீழ்க் கட்டத்தின் முன்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "இது மோவாயி. தோ பாரு தழும்பு. மூணு வயசுல கட்டுமரத்து மேலேந்து வுழுந்தா." போட்டோவில் விழுந்த கறை என்று நினைத்துக்கொண்டு நான் விசுவாசமாக நகல் எடுத்த புள்ளி அது.

முகம் நாலு கட்டமும் கிடைத்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை. "தோ கண்ணாடி வளையலு. தோ இந்தக் கை. இன்னொண்ணு எங்க... அங்க, மேல. கும்மில மத்தவளுங்களவிட இவ கைதான் ஒசரப் போவும். தோ காலு." துணியின் நாலு மூலையிலிருந்தும் மகளைப் பொறுக்கி எடுத்தாள். முகம் மறந்துபோகிறது என்று சொன்னவளுக்கு முழங்கைகூட மறந்திருக்கவில்லை. நான் நாலு கட்டத்தையும் தாளில் இறக்கி முடிக்க உச்சிப்பொழுது ஆகிவிட்டது. அதுவரை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

பெர்த்தியே என்னைக் கொண்டு அவளிடம் கேட்டார், அந்தப் படத்தை அவளே வைத்துக்கொள்கிறாளா என்று. முத்தம்மாள் துணியின் அகலத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"என் வூட்டுச் சொவுரே இவ்ளோ அகலம் இல்லியே தொர. எனக்கு மொகம் போதும். நீங்க பத்திரமா கொண்டுபோங்க. அஞ்சு பொண்ணுங்க கீது இதுல, கசக்கிடாதீங்க." அவருக்குத் தமிழ் அரைகுறைதான். ஆனால் அது புரிந்தது போலிருக்கிறது. எழுந்து நின்று தலை குனிந்தார். மறுநாள் துணியோடு ரயிலேறிவிட்டார்.

அந்த ஒரு வாரம் நான் வேறு எதையும் தொடவில்லை. ரஞ்சிதத்தை வரைந்தேன். கட்டத்தைப் பார்த்து வரைந்துவிட்டு, எழுந்து தள்ளிப் போய் முகத்தைப் பார்த்தேன். இருபது வருஷத்தில் புதிசாகக் கற்ற பழக்கம். கோணைப் பொட்டு, தழும்பு, எல்லாம் வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் சுப்பராயன் படத்தை வாங்கிப் போக வந்தான். பார்த்துவிட்டுத் துண்டால் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு போனான். என்னால் அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்துக்கு வீராம்பட்டினம் போனோம். ஆனந்தமேரி சைக்கிள் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம், "பாரிசு சைக்கிள பள்ளத்துல வுடாம ஓட்ட மாட்டீங்களோ" என்று என்னை வறுத்தெடுத்தாள். வீட்டுக்குள் படையல் போட்டிருந்தது. கலசம், மஞ்சள் புடவை, தலைவாழை இலையில் சோறும் குழம்பும். நடுவில் ரஞ்சிதம். முத்தம்மாள் இலையில் கடைசியாக ஒரு கை சோறு வைத்துவிட்டு நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். பிறகு கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்தாள்.

"ஜாடை வந்துடுச்சு தம்பி" என்றாள்.

நான் அழுதுவிட்டேன். ஆனந்தமேரி கைக்குட்டைக்குப் பதிலாகத் தலைப்பைக் கொடுத்தாள்.

கும்பிட்டு முடிந்ததும் படத்தில் ஆடிய மற்ற நாலு பேரும் வாசலுக்கு வந்தார்கள். படையலன்று கும்மி அடிப்பது அங்கே வழக்கமில்லை. சின்னப்பொண்ணுதான் ஆரம்பித்தாள், நாலு பேர் சுற்ற ஆரம்பித்தார்கள். முத்தம்மாள் நிலைப்படியில் நின்று பார்த்தாள். உள்ளே திரும்பிப் படத்தைப் பார்த்தாள்.

"அந்தத் துணில ஆடுனாளே தம்பி, இதுல நிக்கிறாளே" என்றாள்.

உள்ளே போய்ப் படத்தை எடுத்து மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்து, வட்டத்தில் இடமிருந்து இரண்டாவதாகப் போய்ச் சேர்ந்தாள்.

"அவ கை கப்பல்ல போயிடுச்சு" என்றாள் அந்த நாலு பேரிடமும். "அவளுக்கும் சேத்துத் தட்டுங்கடி."

தட்டினார்கள். வட்டம் சுற்றியது. ரஞ்சிதம் எனக்கு நேரே வந்தாள், திரும்பிப் பக்கவாட்டில் தெரிந்தாள், முதுகு காட்டிப் போனாள், விளக்கு வெளிச்சத்தில் ஒரு மாதிரி, நிழலில் ஒரு மாதிரி, மறுபடியும் நேரே வந்தாள். பெர்த்தியே சொன்னபோது எனக்கு விளங்காதது அந்த மீன்காரி சுற்றின நாலு சுற்றில் விளங்கியது. கையில் பென்சில் இல்லை. இருந்தாலும் நான் வரைந்திருக்க மாட்டேன்.

நானும் கை தட்டினேன். பெண்கள் அடிக்கிற கும்மியில் ஆம்பிளை தட்டுவதா என்று யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். தாளம்கூடத் தப்பித்தான் போனது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.